தாய்க்கும் ஒரு ஓ.பி. சீட்டு



தீராத நோயுள்ள பிள்ளைக்கு மருத்துவம் பார்க்கும் இடத்திலேயே பெற்றவர்களின் மனநலத்தையும் பார்க்க வேண்டும் என்று வாதாட வந்திருக்கிறேன். இரக்கப்பட்டு அல்ல, பிள்ளையின் சிகிச்சையே அதைக் கேட்கிறது. கடும் தலசீமியா என்றால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கொரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். அப்படிச் சேரும் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியாமலிருக்க ஆண்டுக்கணக்கில் மருந்து தர வேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோய் என்றால் தினமும் பல தடவை இன்சுலின் ஊசி. நடுச்சாமத்தில் எழுந்து விரலில் குத்திச் சுகர் பார்க்கிற வேலையும் உண்டு. டாக்டர் எழுதித் தருகிறார், செய்வது வீட்டில் இருப்பவர்கள். அவர்கள் ஓய்ந்துபோனால் அந்த மருந்துச் சீட்டால் என்ன பயன்?

இது வெறும் ஊகம் இல்லை. நுரையீரலையும் செரிமானத்தையும் கெடுக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயை வைத்து, துருக்கி முதல் அமெரிக்கா வரை 9 நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட பெற்றோரிடம் கேட்டார்கள். 2014இல் முடிவு வந்தது: மனச்சோர்வு அறிகுறிகள் தாய்மாரில் 37 விழுக்காடு, தகப்பன்மாரில் 31 விழுக்காடு. பதற்றமோ தாய்மாரில் 48 விழுக்காடு. (ஆம்பிளை கலங்கமாட்டான் என்கிறவர்கள் அந்த 31ஐ மறுபடி பார்க்கட்டும்.) இதையடுத்து, 2016இல் அமெரிக்க, ஐரோப்பிய நிபுணர்கள் ஒரு வழிகாட்டுதல் தந்தார்கள்: அந்நோயுள்ள குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் ஒருவருக்காவது ஆண்டுதோறும் மனநலச் சோதனை செய்ய முன்வர வேண்டும்.

பிள்ளை படுத்தால் தாய் அழத்தானே செய்வாள், அதையும் நோயாக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அழுகை நோயல்ல. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், எதிலும் நாட்டமில்லாமல், செத்தால் தேவலை என்ற நினைப்பு வந்துபோகுமானால் அது வேறு. மனப்பாரம் உடலிலும் தெரியுமா? 2004இல் கலிபோர்னியாவில், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எலிசபெத் பிளாக்பர்ன் பங்கேற்ற ஆய்வொன்று தாய்மாரின் ரத்த அணுக்கள் எவ்வளவு முதுமையடைந்திருக்கின்றன என்று பார்த்தது. 58 பேர்தான், சிறிய ஆய்வு. நோயுற்ற பிள்ளையின் தாய் என்பதாலேயே அணுக்கள் முதுமையடைந்துவிடவில்லை; எத்தனை ஆண்டாகப் பார்த்துக்கொள்கிறாள், அதை எவ்வளவு பாரமாக உணர்கிறாள் என்பதோடுதான் அந்த முதுமை தொடர்புபட்டிருந்தது. பிள்ளையின் நோயை நம்மால் மாற்ற முடியாமல் போகலாம். தாயின் பாரத்தைக் குறைக்க முடியும்.

நம் கூட்டுக்குடும்பம் தாங்கிக்கொள்ளும் என்பது அடுத்த பதில். தாங்குகிற குடும்பங்கள் உண்டு, மறுக்கவில்லை. அதே குடும்பங்களில்தான், ‘எங்க வம்சத்துல இப்படி இல்லையே’ என்ற பேச்சும் எழுகிறது. கடும் தலசீமியா வரத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் மரபணு வர வேண்டும். பழி மட்டும் ஒருத்தி தலையில். அவள் மாமியாரிடம் போய் மனச்சோர்வு என்று சொல்வாளா?

லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் இதற்கு ஆள் எங்கே என்பதுதான் கனமான ஆட்சேபம். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவரல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடும் மனச்சோர்வு உள்ளவர்களிடம் சில அமர்வுகள் பேச வைத்தார்கள். பலன் இருந்தது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. எல்லாருக்கும் மனநல மருத்துவர் வேண்டியதில்லை. பராமரிப்பவரைக் கவனிப்பது புதிய எண்ணமும் அல்ல: தலசீமியாவை மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்த நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டமே, அதிக உதவி தேவைப்படுவோரைப் பராமரிப்பவருக்கான படி பற்றியும் பேசுகிறது.

ரத்தம் ஏறி முடியச் சில மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் தாய் கட்டிலருகேதான் உட்கார்ந்திருக்கிறாள். மனச்சோர்வைக் கண்டறியும் ஒன்பது கேள்விகள் தமிழிலேயே உள்ளன. ஐந்தாறு நிமிடம் போதும். அவள் பேருக்கு ஒரு சீட்டுப் போட்டு, மாமியார் காதில் விழாத இடத்தில் ஒரு நர்ஸ் கேட்கட்டும். அடுத்த முறை ரத்தம் ஏற்ற வரும்போது மறுபடி கேட்கட்டும். தகப்பன் வந்திருந்தால் அவரிடமும்.