துருவ நட்சத்திரம் தெரியாத மொட்டை மாடி

மவுண்ட் வாங்கியாச்சு, கேமரா மாட்டியாச்சு. ஆனா ரெண்டு நிமிஷ எக்ஸ்போஷர் போட்டா ஸ்டார் எல்லாம் அரிசி மாதிரி நீளமா வருது. பல பேர் இந்த இடத்துலதான் மொத்த செட்டப்பையும் வித்துடறாங்க. அதனால இன்னைக்கு போலார் அலைன்மென்ட்.

ஈக்வடோரியல் மவுண்டுக்கு ஒரே வேலைதான்: பூமி சுத்துற அதே வேகத்துல எதிர்ப்பக்கம் சுத்தணும். அதுக்கு அதோட அச்சு பூமியின் அச்சுக்கு இணையா நிக்கணும். யூடியூப் வீடியோ எல்லாம் 'துருவ நட்சத்திரத்தைப் பாருங்க'ன்னு ஆரம்பிக்கும். லண்டன்ல அது 51 டிகிரி உயரத்துல இருக்கு. சென்னையில 13, மதுரையில 10. பக்கத்து வீட்டு வாட்டர் டேங்க் போதும் அதை மறைக்க. தெரிஞ்சாலும், அவ்வளவு தாழ்வுல காற்று ஒளியை வளைக்கிறதால, சென்னையில சுமார் 4 ஆர்க்மினிட் மேல தள்ளித்தான் தெரியும்.

சரி, போன் காம்பஸ்? காந்த வடக்கு நிஜ வடக்குல இருந்து இங்கே ஒண்ணு ரெண்டு டிகிரி விலகி இருக்கு. இரும்பு ட்ரைபாட் இன்னும் கெடுக்கும். ஒரு டிகிரி தப்பினா ஸ்டார் நிமிஷத்துக்கு 15 ஆர்க்செகண்ட் வரை நகரும். 400 மில்லிமீட்டர் லென்ஸ், 3.76 மைக்ரான் பிக்சல்னா அது 7, 8 பிக்சல். ஆட்டோகைடிங் இதுல பாதியைத்தான் காப்பாத்தும். கைடு ஸ்டார் நிக்கும், அதைச் சுத்தி மத்த படம் திரும்பும்.

அதனால நான் சொல்றது டிரிஃப்ட் அலைன்மென்ட். அச்சு தப்பா இருந்தா ஸ்டார் மெதுவா வடக்கேயோ தெற்கேயோ வழுக்கும். அந்த வழுக்கலே தப்பு எந்தப் பக்கம்னு காட்டிக்கொடுத்துடும். கிட்டத்தட்ட லாக் பார்த்து டீபக் பண்ற மாதிரிதான்.

ஜனவரி நடுவுல ஒரு ராத்திரின்னு வெச்சுக்கோங்க. 10 மணி வாக்கில ஓரியன் பெல்ட்டோட மேற்கு ஓர ஸ்டார், மின்டாகா, கிட்டத்தட்ட தலைக்கு மேல வரும். அது வான நடுக்கோட்டு மேலேயே இருக்கு. அதை ஃப்ரேம் நடுவுல வெச்சு, டெலஸ்கோப்பைக் கொஞ்சம் வடக்கே நகர்த்துங்க. திரையில ஸ்டார் போற பக்கம்தான் தெற்கு. திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்துட்டு அஞ்சு நிமிஷம் பாருங்க. தெற்கே வழுக்கினா அச்சு கிழக்கே பார்க்குது, மேற்கே திருப்பணும். வடக்கேன்னா நேர் எதிர். கிழக்கு மேற்கா ஆடறதைக் கண்டுக்காதீங்க, அது பெரும்பாலும் கியரோட சேட்டை.

10:30க்கு மகம், அதாவது ரெகுலஸ், கிழக்கே சுமார் 30 டிகிரி ஏறியிருக்கும். இப்ப உயரம். தெற்கே வழுக்கினா அச்சு தாழ்ந்திருக்கு, ஏத்துங்க. வடக்கேன்னா இறக்குங்க. ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு கொஞ்சம் கலையும், மறுபடி மின்டாகாவுக்குப் போங்க.

லேப்டாப் இருந்தா நினா மென்பொருள்ல மூணு புள்ளி அலைன்மென்ட் பிளகின் இருக்கு. வானத்துல எந்தப் பக்கமும் மூணு படம் எடுத்து கணக்குப் போட்டுடும். வேகம்னா அதுதான், ஆனா ஒரு தடவையாவது டிரிஃப்ட் பண்ணிப் பாருங்க.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல அச்சு ரொம்பப் படுத்திருக்கும். கவுன்டர்வெயிட் ட்ரைபாட் கால்ல இடிக்குதான்னு முதல்லயே சுத்திப் பாருங்க. போல்ட்டை இறுக்கினதும் திரும்ப ஒரு டிரிஃப்ட் செக். இறுக்கறப்பவே அச்சு நகர்ந்துடும்.