நோட்டுப் புத்தகத்தோடு வரும் மாணவர்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலியையும் போனஸையும் பேச வேண்டிய மேடையில், பல்கலைக் கழக மாணவர்கள் செய்யும் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச என்ன அவசியம் வந்தது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாயும் கனத்த புத்தகமும். அது படித்தவர்கள் பாடு, நமக்கென்ன என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்தக் கண்ணாடிக் குழாயை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? சோப்புக்கும் செருப்புக்கும் நாம் கொடுக்கும் வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. கனத்த புத்தகம் யாரைப் பற்றி எழுதப்படுகிறது? பல சமயம் நம்மைப் பற்றித்தான். நம் கூலி, நம் கடன், நம் நெஞ்சு நோவு. ஆகவே இது நம் விஷயம்.

ஒரு பழைய சங்கதியிலிருந்து தொடங்குவோம். 1915-ல் சென்னைப் பல்கலைக் கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் வந்தார். அதற்கு முன் அவர் ஆக்ஸ்போர்டு நகரில், தொழிலாளர்கள் படிப்பதற்கென்று நடந்த ரஸ்கின் கல்லூரியின் தலைவராக இருந்தவர். கிராமத்தைப் பாராமல் இந்தியப் பொருளாதாரம் பேச முடியாது என்று அவர் கண்டார். ஒரு கேள்வித்தாள் தயாரித்து மாணவர்கள் கையில் கொடுத்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், நிலம் யாரிடம், பயிர் என்ன, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று விசாரித்து எழுதி வந்தார்கள்.

1918-ல் அது புத்தகமாக வெளிவந்தது. தென்னாற்காடு ஜில்லா இருவேல்பட்டு, ராமநாதபுரம் ஜில்லா வடமலைபுரம், திருநெல்வேலிச் சீமை கங்கைகொண்டான், தஞ்சை ஜில்லா பாலக்குறிச்சி, வடஆற்காடு தூசி ஆகிய ஊர்கள் எல்லாம் அதில் உண்டு. 1930-களின் பிற்பகுதியில் வேறு ஆராய்ச்சியாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். 1980-களில் மறுபடியும் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-லும் போனார்கள். ஊரைக் கட்டியாண்ட பெரிய நிலக்காரர்களின் பிடி தளர்ந்திருப்பதையும், வெளிவேலை கிடைத்ததால் தாழ்த்தப்பட்ட மக்கள் ஒரே பண்ணையை நம்பிக் கிடக்கும் நிலை மாறியிருப்பதையும் அவர்கள் எழுதினார்கள். ஒரு கிராமத்தின் 90 வருஷக் கணக்கு நம் கையில் இருக்கிறது. அதற்கு முதல் வரி எழுதியவர்கள் விடுமுறைக்கு வந்த மாணவர்கள்!

ஆனால் இன்னொன்றையும் கேட்க வேண்டும். அந்த மாணவர்கள் யார்? அன்று கல்லூரிப் படி ஏற முடிந்தவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். ஊருக்கு வந்தால் அவர்கள் உட்காருவது எந்தத் திண்ணையில்? கைகட்டி நிற்கும் பண்ணையாள், தன் கடனையும் அடிபட்ட கதையையும் மிராசுதார் காதுபட எப்படிச் சொல்வான்? கேட்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சொல்கிறவனுக்குப் பயம் இருந்தால் கணக்கில் ஓட்டை விழும்.

மேலும், புத்தகம் வந்ததால் மட்டும் பண்ணையாளின் கஷ்டம் தீரவில்லை. தஞ்சையில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-ல். இடையில் 34 வருஷம். பண்ணையாட்கள் சங்கம் சேர்ந்து நிமிர்ந்த பிறகுதான் அது வந்தது. ஆராய்ச்சி சாட்சி சொல்லும். வழக்காட வேண்டியது நாம்தான்.

சாட்சி வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். ஆலையை எடுத்துக் கொள்ளுங்கள். புளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்யும் தோழர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வார லீவு முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். அடுத்த நாள் கொஞ்சம் தேவலை. வருஷங்கள் போகப் போக எல்லா நாளும் அதே அவஸ்தை. பீடி குடிக்கிறாய், அதனால்தான் என்று சொல்லி அனுப்பி விடுவார்கள்.

1950-களில் இங்கிலாந்தில், மான்செஸ்டர் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஷில்லிங் என்ற டாக்டர் லங்காஷயர் பஞ்சாலைகளில் இதை ஆராய்ந்தார். தொழிலாளி சொன்ன அந்த 'முதல் நாள் இறுக்கத்தை' அவர் தள்ளிவிடவில்லை. அதையே அளவுகோலாக வைத்து நோயின் படிகளை வகுத்தார். பிஸினோஸிஸ் என்று அந்த நோய்க்குப் பெயர். பஞ்சுத் தூசியால் வருவது. நம் நாட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் அது இருக்கிறது. ஷிப்டு தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்த பின் ஒரு முறை கருவியில் ஊதச் சொல்லி, மூச்சு எவ்வளவு குறைந்தது என்று மருத்துவ மாணவர் ஒருவர் அளந்து எழுதினால், நம் வாய்ப்பேச்சு கணக்காகிறது. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் நம் புகார் இருமலோடு போய்விடும்.

மாணவர்கள் எடுக்கும் அளவுக்கு எவ்வளவு பலம் உண்டு தெரியுமா? அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா என்று ஒரு மாகாணம். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பிரதேசம். 2013-ல் அங்குள்ள பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சி மாணவர்கள் டீசல் கார்களின் புகையை அளக்கப் புறப்பட்டார்கள். கார்களைப் பரிசோதனைச் சாலையில் நிறுத்தி அளப்பது வழக்கம். இவர்களோ கருவியைக் காரின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ரோட்டிலேயே ஓட்டினார்கள். ஃபோக்ஸ்வாகன் கார் ஒன்று, அனுமதித்ததைப் போலப் பல மடங்கு நச்சுப் புகை விட்டது. தங்கள் கருவியில்தான் பிழை என்று முதலில் நினைத்தார்கள். திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். பிழை கருவியில் இல்லை.

2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு விஷயத்தை வெளியிட்டது. பரிசோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் புகையைக் குறைக்கும்படி காருக்குள்ளேயே ஏமாற்று ஏற்பாடு செய்திருந்தார்கள்! உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். 2017-ல் அந்தக் கம்பெனி கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இத்தனை பெரிய முதலாளியின் பொய்யை உடைக்கத் தொடங்கியது ஒரு சிறிய மாணவர் கூட்டத்தின் அளவைதான்.

சரி, இந்த உழைப்புக்குப் பலன் யாருக்குப் போகிறது? ஜோஸலின் பெல் என்ற மாணவியின் கதையைக் கேளுங்கள். வட அயர்லாந்துப் பெண். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவி. வானத்து ரேடியோ அலைகளைப் பிடிக்க வயல்வெளியில் ஆயிரத்துக்கு மேல் கம்பங்கள் நட்டு, கம்பி கட்டினார்கள். சம்மட்டி பிடித்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு கருவி கக்கிய காகிதச் சுருளை நாள்தோறும் அடி அடியாகப் படித்தார். 1967-ல் அதில் ஒரு சிறு கிறுக்கலைக் கண்டார். துடித்துத் துடித்து அலை வீசும் புதுவகை நட்சத்திரம் என்று பின்னால் தெரிந்தது. 1974-ல் நோபல் பரிசு அவருடைய பேராசிரியருக்கும் இன்னொருவருக்கும் போயிற்று. மாணவிக்கு இல்லை. மேஸ்திரி பெயரில் வேலை எழுதப்படுவதைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல.

2018-ல் அவருக்கு வேறொரு பரிசாக 30 லட்சம் டாலர் கிடைத்தது. முழுவதையும், வாய்ப்பில்லாத வகுப்பினரும் அகதிகளும் பௌதிக ஆராய்ச்சி செய்ய உபகாரச் சம்பளமாகக் கொடுத்துவிட்டார்.

உபகாரச் சம்பளம் என்றால் நம் வீட்டுப் பிள்ளைக்குச் சோறு. 2015 அக்டோபரில், நெட் தேர்வின் மூலம் வராத ஆராய்ச்சி மாணவர்களுக்கு மத்தியப் பல்கலைக் கழகங்களில் கொடுத்துவந்த மாதம் 5,000 ரூபாய், 8,000 ரூபாய் உதவித் தொகையை நிறுத்த பல்கலைக் கழக மானியக் குழு முடிவு செய்தது. டில்லியில் மாணவர்கள் அந்த அலுவலக வாசலிலேயே இரவும் பகலும் உட்கார்ந்தார்கள், தடியடியும் பட்டார்கள். உதவித் தொகை தொடரும் என்று அரசு சொல்ல வேண்டி வந்தது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அந்த 8,000 பெரிதல்ல. கூலிக்காரர் மகளுக்கு அது இல்லாவிட்டால் ஆராய்ச்சியே இல்லை. அவள் வராவிட்டால், நம்மைப் பற்றி எழுத மறுபடியும் பண்ணைத் திண்ணையிலிருந்துதான் ஆள் வரும்.

ஆகவே, தோழர்களே, நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மாணவரோ மாணவியோ நம் தெருவுக்கு வந்தால் விரட்டாதீர்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். சூபர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது பேச வேண்டாம். சங்க அலுவலகத்தில் பேசலாம். கூலியைக் கூட்டியும் சொல்ல வேண்டாம், கடனைக் குறைத்தும் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கள், பொய்க் கணக்கு நாளைக்கு நம் பக்கமே திரும்பும்.

பிறகு நாமும் மூன்று கேள்வி கேட்போம். தம்பி, இந்தக் கேள்விகளை எழுதியது யார்? செலவுக்குப் பணம் தருவது யார்? எழுதி முடித்ததும் அதைத் தமிழில் எங்களுக்குப் படித்துக் காட்டுவாயா?

மூன்றாவது கேள்விக்குச் 'சரி' என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளை திரும்பி வரும் நாளில் கூட்டம் கூட்டுங்கள். படிப்பதைக் கேளுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே திருத்துங்கள். ஒரு பிரதியை வாங்கிச் சங்கத்து அலமாரியில் வையுங்கள். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அது நம் கையில் இருக்கட்டும்.