தவக்காலத்து இன்பங்கள்

நோன்பு என்றவுடன் நம்மிற் பலர்க்கு வாடிய முகமும் ஒட்டிய வயிறுமே நினைவுக்கு வரும். கிறித்தவ மக்கள் ஆண்டுதோறும் கைக்கொள்ளும் தவக்காலத்தைப் பற்றியும் அவ்வாறே எண்ணுவாருண்டு. சாம்பற் புதனன்று தொடங்கி, உயிர்த்த ஞாயிற்றுக்கு முதல் நாளோடு முடிவது அக்காலம். கத்தோலிக்க இல்லங்களில் 'ஒருசந்தி' என்றும் 'சுத்த போசனம்' என்றும் வழங்கும் உணவுக் கட்டுப்பாடுகள் அப்போது பேணப்படும். சீர்திருத்தச் சபையார் அந்நாள்களை 'லெந்து நாள்கள்' என்பர்.

இந்நாள்களில் ஒருவர் இன்னிசை கேட்கலாமா? திரைப்படம் காணலாமா? பெற்றோரோடும் உடன்பிறந்தாரோடும் கூடியிருந்து மகிழலாமா? இவ்வினா ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. இன்பத்தை எவ்வாறு நுகர்வது என்னும் பொது வினாவே இதனுள் அடங்கியிருக்கின்றது. ஆதலின் மாணவ நண்பர்களே, நீங்கள் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் இதனைச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும்.

முதற்கண் நாட்கணக்கை நோக்குவோம். தவக்காலம் 40 நாள் என்பது வழக்கு. ஆனால் சாம்பற் புதன் முதல் எண்ணினால் 46 நாள் வரும். எஞ்சிய 6 நாள் யாவை? அவை ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொரு ஞாயிறும் உயிர்த்தெழுதலின் நினைவு நாளாதலின், மேலைத் திருச்சபை அவற்றை நோன்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றுள்ளும் நான்காம் ஞாயிற்றுக்கு 'மகிழ்க' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே பெயராக அமைந்துள்ளது. மற்றை நாள்களில் ஊதா நிற உடை அணியும் குருமார் அன்று இளஞ்சிவப்பு உடை அணிவதுண்டு. இங்கிலாந்தில் அந்நாள் 'அன்னையர் ஞாயிறு' எனப் பெயர் பெற்றது. பிறர் வீட்டில் ஊழியம் செய்த இளம் பெண்களும், தொழில் பயில வீட்டை விட்டுச் சென்ற சிறுவரும் அன்று விடுமுறை பெற்றுத் தாயைக் காணச் செல்வர். நோன்பின் நட்டநடுவே குடும்பத்திற்கென ஒரு நாள் ஒதுக்கப்பட்டதைக் காண்க. நோன்பு இருப்போர் முகம் வாடித் தோன்றலாகாது, தலைக்கு எண்ணெயிட்டு முகங்கழுவி இருத்தல் வேண்டும் என்று இயேசு பெருமான் மலைப்பொழிவில் அறிவுறுத்தியதும் இக்கருத்தோடு ஒத்ததேயாகும்.

இனி இசைக்கு வருவோம். செர்மனி நாட்டு லைப்சிக் நகரில் 1723ஆம் ஆண்டு முதல் 1750ஆம் ஆண்டு வரை கோயில் இசைத் தலைவராய்ப் பணிபுரிந்தவர் யோகான் செபாஸ்தியான் பாக். ஞாயிறுதோறும் இசைக்கருவிகளும் பாடகர் குழுவும் சேர்ந்து இசைத்தற்குரிய பாடல்களை அவர் ஆக்கி அளித்தார். ஆயினும் தவக்காலம் வந்தால் அந்நகர்க் கோயில்களில் அத்தகைய இசை நிறுத்தப்படும். ஒரு திருநாளைத் தவிர்த்து, பல வாரங்கள் அவ்வமைதி நீடிக்கும். பின்பு பெரிய வெள்ளியன்று மாலை வழிபாட்டில், இயேசுவின் பாடுகளைக் கூறும் நெடிய இசைக்காவியம் ஒன்று முழங்கும். மத்தேயு நற்செய்தியைத் தழுவிப் பாக் இயற்றிய பாடுகளின் இசை, 1727ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று முதன்முதல் ஒலித்தது என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் முடிபு. இரண்டு பாடகர் குழுக்களும் இரண்டு கருவிக் குழுக்களும் சேர்ந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் இசைக்கும் பேரியற்று அது. பல வாரங்களாகக் கோயிலில் அத்தகைய இசையைக் கேளாதிருந்த செவிகளில் அது எவ்வாறு புகுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்நூலின் உள்ளேயும் அமைதியின் ஆற்றலைப் பாக் காட்டியிருக்கிறார். இயேசு பேசும் இடங்களிலெல்லாம் நரம்புக் கருவிகள் அவர் சொல்லைச் சூழ்ந்து ஒளிவட்டம்போல் மெல்லென ஒலிக்கும். சிலுவையில் தொங்கி, இறைவன் தம்மைக் கைவிட்டதாகக் கதறும் ஓரிடத்தில் மட்டும் அவை ஒலிப்பதில்லை. அக்குரல் துணையின்றித் தனித்து நிற்கின்றது. முன்னர் இருந்தது இல்லாமற் போனமையே அங்கே நம் நெஞ்சைப் பிளக்கின்றது.

இத்தகைய இசை பிறந்த இல்லமும் இசை நிறைந்த இல்லமே. பாக் தம் மக்களையும் மனைவியையும் கொண்டே ஓர் இசையரங்கு நடத்த இயலும் என்று 1730ஆம் ஆண்டில் நண்பர் ஒருவர்க்கு மகிழ்வோடு எழுதினார். அவருடைய மனைவி அன்னா மக்தலேனா தேர்ந்த பாடகி. கணவர் இயற்றிய இசையைப் படியெடுத்து உதவியவரும் அவரே. பாக்கிற்குப் பிறந்த இருபது மக்களுள் பதின்மரே வளர்ந்து ஆளாயினர். எனவே மகவை இழந்து வருந்தும் துயரைப் பாடும்போது, அவர் பிறர் துயரை மட்டும் பாடினார் அல்லர்.

இலண்டன் மாநகரின் வரலாறு வேறு வகையானது. அங்கே தவக்காலத்துப் புதன், வெள்ளிக் கிழமைகளில் நாடக மேடைகளில் நாடகம் நடித்தல் ஆகாது என்னும் கட்டுப்பாடு இருந்தது. செர்மனியிற் பிறந்து இலண்டனில் வாழ்ந்த ஆண்டெல் என்னும் இசைவாணர், வேடமும் நடிப்புமின்றித் திருமறைக் கதைகளைப் பாடும் இசைக்காவியங்களை அம்மாலைகளில் அரங்கேற்றினார். அவற்றுள் தலைசிறந்தது 'மெசியா'. 1741ஆம் ஆண்டில் 24 நாள்களில் அதனை எழுதி முடித்த அவர், 1742 ஏப்பிரல் 13ஆம் நாள், புனித வாரத்தில், அயர்லாந்தின் தப்ளின் நகரில் அதனை முதன்முறை பாடச் செய்தார். கடன்பட்டுச் சிறையிலிருந்தோர்க்கும் இரு மருத்துவ நிலையங்களுக்கும் உதவுதற்பொருட்டே அந்நிகழ்ச்சி நடைபெற்றது. மேலும் பலர்க்கு இடம் கிடைக்கும்பொருட்டு, மகளிர் வளையமிட்டு விரித்த பாவாடைகளையும் ஆடவர் உடைவாள்களையும் தவிர்த்து வருமாறு முன்னரே வேண்டிக்கொள்ளப்பட்டது. ஏறக்குறைய 700 பேர் கூடினர். கிடைத்த பொருளால் 142 பேரின் கடன் தீர்ந்து அவர்கள் சிறையினின்றும் வெளிவந்தனர் என்பர். ஆடம்பரத்தில் ஒரு சிறு பகுதியைத் துறந்ததால் பலர்க்கு இசை கிட்டியது. வேறு பலர்க்கு விடுதலையே கிட்டியது!

திருமறைச் சொற்களை நாடக அரங்கில் பாடுவதா என்று அக்காலத்தில் கடிந்தோரும் இருந்தனர். அதே ஐயம் நம் காலத்தில் திரைப்படத்தின்பால் எழுகின்றது. புனித வரலாற்றைப் பொழுதுபோக்காக்குதல் தகுமோ என்பர். அவ்வையம் முற்றும் தவறன்று. பொன்னும் பட்டுமாய்க் கண்ணைப் பறிக்கும் படங்கள் கருத்தைப் பறிகொடுக்கச் செய்வதும் உண்டு. ஆயினும் இத்தாலிய இயக்குநர் பசோலினி 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட, மத்தேயு நற்செய்தியைத் தழுவிய திரைப்படத்தைக் காண்க. கறுப்பு வெள்ளைப் படம் அது. தென்னித்தாலியின் மத்தேரா முதலிய எளிய ஊர்களிலே எடுக்கப்பட்டது. தொழில்முறை நடிகரல்லாத எளிய மக்களே அதில் தோன்றுகின்றனர். பசோலினி சமய நம்பிக்கை உடையவர் அல்லர், பொதுவுடைமைக் கருத்தினர். எனினும் நற்செய்தியின் சொற்களையே உரையாடலாகக் கொண்டார். இசையாக அமைத்தவற்றுள், முன்னர் யாம் கூறிய பாக்கின் இசையும் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டுப் பூசைப் பாடலும் உள்ளன. மகனின் சிலுவையடியில் கதறி வீழும் முதிய மரியாளாக நடித்தவர் இயக்குநரின் சொந்தத் தாயே. 1995ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட சிறந்த திரைப்படங்களின் பட்டியலில் இப்படமும் இடம்பெற்றது. ஆடம்பரத்தை விலக்கிய கலைக்கு நோன்பின் நடுவிலும் இடமுண்டு என்பதற்கு இது சான்று.

நம் தமிழிலும் இம்மரபு உண்டு. கோவாவிற் பிறந்து இலங்கையில் தொண்டாற்றி, 'மெசியா' அரங்கேறிய அதே 1742ஆம் ஆண்டில் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் 'வியாகுல பிரசங்கம்' என்னும் நூலைத் தமிழில் எழுதினார். இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் தவக்காலத்தில் அதனை இசையோடு ஓதுவர். ஒருவர் இழுத்து ஓத, ஏனையோர் கேட்டு உருகுவர். துயரைக் கூடியிருந்து கேட்டல் உள்ளங்களைப் பிணைக்கும் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

மாணவ நண்பர்களே! இன்று கைப்பேசியைத் தொட்ட மாத்திரத்தில் உலகத்து இசையெல்லாம் செவிக்கு வருகின்றது. திரைப்படங்களோ எண்ணில. குறைவன்று நம் இடர். ஒன்றையும் முழுமையாகக் கேளாமையே இடர். ஒரே கூரையின்கீழ் நால்வர் நான்கு திரைகளை நோக்கியிருப்பது இன்பமும் அன்று, நோன்பும் அன்று. ஆதலின், சில நாள்களேனும் பலவற்றை விலக்கி ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். நல்ல இசையொன்றையோ நல்ல படமொன்றையோ வீட்டார் அனைவரும் ஒருங்கிருந்து தொடக்கம் முதல் இறுதிவரை நுகருங்கள். பின்பு அதைப் பற்றித் தாயோடும் தந்தையோடும் பேசுங்கள். விலக்கியவற்றால் மிஞ்சிய காசில் ஒரு பங்கு வறியோர்க்குச் சேரட்டும். நோன்பு நம்மிடம் கேட்பது இன்பத்தை வெறுப்பதற்கு அன்று. அதனைப் பெறுதற்குரிய செவியையும் நெஞ்சையும் ஆயத்தம் செய்துகொள்வதற்கே ஆகும்.