விரலும் நாக்கும் சேர்ந்து எண்ணட்டும்



நாற்று, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிற இந்த நேரத்தில், இன்றைக்கு உங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கு எண்ணிக்கை பழக்குவதைப் பற்றிச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு நாலரை வயது. ஐம்பது வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். அப்பாவுக்கு ரொம்பப் பெருமை. நான் திண்ணையில் 7 புளியங்கொட்டையை வரிசையாக வைத்து, "எண்ணுடா தம்பி" என்றேன். நாக்கு முன்னே ஓடுது, விரல் பின்னே வருது. பத்து என்று முடித்தான். "எத்தனை இருக்கு?" என்றால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறான். அப்பா கையை ஓங்கிவிட்டார். அடிக்கிற தப்பு இல்லீங்க இது. பையன் எண்களைப் பாட்டாகப் படித்திருக்கிறான். எண்ணுவதற்கு இன்னும் பழகவில்லை.

கொட்டையைத் தொட்டு எண்ணினால் போதாது. ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். ஒரு கொட்டைக்கு ஒரு எண். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தக் கணக்கு என்பது பிள்ளைக்குத் தானாகத் தெரியாது. "ஏழு. ஆக, ஏழு கொட்டை இருக்கு" என்று நீங்களே சொல்லிக் காட்டுங்கள். சாப்பாட்டு நேரத்தில், "நாம நாலு பேர், ஆளுக்கு ஒரு தட்டு எடுத்து வா" என்று வேலை சொல்லுங்கள். பரணில் பல்லாங்குழி கிடந்தால் இறக்குங்கள். குழிக்கு ஒரு முத்தாகப் போட்டுக்கொண்டு போவதும் இதே பழக்கம்தான்.

அதே ஏழு கொட்டையை அகல விரித்து வைத்தால், "இப்ப நிறைய இருக்கு" என்று பிள்ளை சொல்லும். ஐந்து வயதில் அது இயற்கை. சிரிக்காமல் திரும்ப எண்ணச் சொல்லுங்கள். ஆறேழு வயதில் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்பதற்குப் பதிலாக 'லாபம்' என்கிறோமே, அதையும் விளக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் "ஒன்று எங்கே போச்சு?" என்று கேட்கும்!

பத்துக்கு மேலே போக ஈர்க்குச்சி போதும். பத்துப் பத்தாகக் கட்டுங்கள். இருபத்து மூன்று என்றால் இரண்டு கட்டு, மூன்று உதிரி. அதைப் பார்க்காத பிள்ளைதான் 203 என்று எழுதும். எண்பத்தொன்பதுக்கு அடுத்து தடுமாறினாலும் மக்கு என்று சொல்லாதீர்கள். ஆறுக்கு அறுபது, ஏழுக்கு எழுபது, எட்டுக்கு எண்பது என்று ஒழுங்காக வந்துவிட்டு, ஒன்பதுக்கு மட்டும் நூறு என்று காதில் விழுகிற மாதிரி தொண்ணூறு. வழி அங்கே கோணல். ஒன்பது கட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லிக்கொடுங்கள்.

என் தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவர். தேங்காய் போடும்போது நூற்றுக்கு ஒரு கூழாங்கல் எடுத்து மடியில் முடிந்துகொள்வார். ஒரு தடவை வியாபாரி எட்டு நூறு என்றார். அம்மா மடியை அவிழ்த்தார், ஒன்பது கல். திரும்ப எண்ணினார்கள். வியாபாரி ஒன்றும் பேசாமல் ஒன்பது நூறுக்கே பணம் கொடுத்தார்.

இன்று ராத்திரியே திண்ணையில் உட்காருங்கள். கால் மணி நேரம் போதும். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: தவழும் குழந்தை கூட இருந்தால் புளியங்கொட்டை வேண்டாம். வாயில், மூக்கில் போட்டுக்கொள்ளும். கொட்டாங்கச்சியை வைத்து எண்ணுங்கள்.