பெட்ரோலும் மின்சாரமும் கலந்த கார்



செம்பனையைப் பற்றி அறியாத தோட்டக் குடும்பம் கிடையாது. டூரா என்று ஓர் இனம். அதன் கொட்டை ஓடு தடித்தது. பிசிபெரா என்று மற்றோர் இனம். அதற்கு ஓடே இல்லை எனலாம். இவ்விரண்டையும் சேர்த்து உண்டாக்கியதுதான் இன்று நம் தோட்டங்களில் வரிசை வரிசையாக நிற்கும் டெனெரா. ஓடு மெல்லியது, சதை அதிகம், எண்ணெயும் அதிகம். இப்படி இரண்டைக் கலந்து பெறுவதை ஆங்கிலத்தில் ஹைபிரிட் என்பர். நான் இன்று பேச எடுத்துக்கொண்டதும் ஒரு ஹைபிரிட்தான். ஆனால் அது மரமன்று, கார்.

தோட்டத்துப் பள்ளி ஆசிரியருக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்களிடம் படித்த பிள்ளைகளில் பலர் இன்று வெட்டுக்காட்டுக்குப் போவதில்லை. லயத்திலோ பக்கத்துத் தாமானிலோ குடியிருந்துகொண்டு, தொழிற்பேட்டைக்குப் போய் வருகிறார்கள். போக 20 கிலோமீட்டர், வர 20 கிலோமீட்டர். பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில்தான். இரவு வேலை முடிந்து பிள்ளை வீடு வந்து சேரும்வரை தாய் தூங்குவதில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. நம் நாட்டில் சாலை விபத்தில் மாண்டு போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஆகையால் எப்படியாவது ஒரு காரை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று பெற்றோர் தவிக்கிறார்கள். அந்த வேளையில்தான், "சார், பெட்ரோலே போட வேண்டாமாம், வீட்டில் பிளக்கைச் செருகினால் போதுமாம். பழைய கார்க் கடையில் ஒன்று நிற்கிறது, வாங்கலாமா?" என்ற கேள்வி வருகிறது.

முதலில் அந்தக் கார் என்னவென்று பார்ப்போம். அதனுள் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின்சார மோட்டாரும் உண்டு. மோட்டாரை ஓட்டப் பெரிய பேட்டரி ஒன்று இருக்கும். சாதாரண ஹைபிரிட் கார், 1997-இல் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸ் போன்றது, தன் பேட்டரியைத் தானே நிரப்பிக்கொள்ளும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் விசையை மின்சாரமாக மாற்றிச் சேர்த்துக்கொள்ளும். நாம் பேசுகிற பிளக்-இன் ஹைபிரிட் அதையும் செய்யும். அதோடு சுவரில் உள்ள பிளக்கிலிருந்தும் மின்சாரம் ஏற்றிக்கொள்ளும். சீனாவில் பிஓய்டி நிறுவனம் 2008 டிசம்பரில் இப்படி ஒரு காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் செவ்ரோலெட் வோல்ட் 2010 டிசம்பரில் வந்தது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு வாக்கில் பிஎம்டபிள்யூ, வால்வோ போன்ற விலையுயர்ந்த கார்கள் இந்த வகையில் வந்தன. அவைதான் இப்போது கைமாறி, பழைய கார்க் கடைகளில் நிற்கின்றன.

பேட்டரியில் மின்சாரம் இருக்கும்வரை கார் பெரும்பாலும் மோட்டாரில் ஓடும். தீர்ந்தபின் எஞ்சின் வேலையை எடுத்துக்கொள்ளும். ஆகவே வழியில் நின்றுபோகுமே என்ற பயம் இல்லை. தினமும் 40 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு, 60 கிலோமீட்டர் தாங்கும் பேட்டரி இருந்தால், வாரம் முழுவதும் எஞ்சினுக்கு அதிக வேலையில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போக வேண்டுமானால் பெட்ரோல் இருக்கவே இருக்கிறது. நெரிசலில் நின்று நின்று போகும் பாதையில்தான் மோட்டாரின் அருமை தெரியும். எஞ்சின் வீணாய் எரிவது அங்கேதான். ஆனால் நம் வெயிலில் குளிர்சாதனம் இல்லாமல் யார் ஓட்டுகிறார்கள்? அதுவும் அதே பேட்டரியிலிருந்துதான் உறிஞ்சும். ஒரு மணி நேர நெரிசலில் ஒரு யூனிட் போனால், ஏறக்குறைய 5 கிலோமீட்டர் ஓட்டம் போயிற்று என்று பொருள்.

இனிக் கணக்குக்கு வருவோம். தாய்மார்கள் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டால் நல்லது. மாதம் 25 நாள் வேலை, நாளுக்கு 40 கிலோமீட்டர். ஆக 1,000 கிலோமீட்டர். இவ்வகைக் கார் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 20 யூனிட் செலவழிக்கும். ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 23 யூனிட். மாதத்துக்கு 230 யூனிட். ஒரு யூனிட் 45 காசு என்று வைத்துக்கொண்டால் 103 வெள்ளி 50 காசு. 2025 ஜூலையில் வந்த கட்டண முறையில் குறைவாக எரிக்கும் வீட்டுக்குக் கழிவு கொடுத்தார்கள். ஆனால் யூனிட் ஏற ஏற அந்தக் கழிவு குறையும் என்பதை மறக்கக் கூடாது.

இப்போது ஒரு சிறிய பெட்ரோல் காரைப் பாருங்கள். 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் என்றால், மாதம் 60 லிட்டர். 2025 செப்டம்பர் 30-இல் எல்லா மலேசியர்களுக்கும் திறந்துவிட்ட புடி 95 திட்டத்தில் ஒரு லிட்டர் 1 வெள்ளி 99 காசு. அந்த விலையில் 119 வெள்ளி 40 காசு ஆகிறது. வித்தியாசம் எவ்வளவு? 15 வெள்ளி 90 காசு. இரண்டு மூன்று வேளை காலை உணவுக் காசு, அவ்வளவுதான்! அத்திட்டம் தொடங்கியபோது மானியம் இல்லாத பெட்ரோல் 2 வெள்ளி 60 காசு. அந்த விலையில் போட்டால் 156 வெள்ளி, மிச்சம் 52 வெள்ளி 50 காசு. 9 லிட்டர் குடிக்கும் பெரிய காரோடு ஒப்பிட்டால் மானிய விலையிலும் 75 வெள்ளிக்கு மேல் மிச்சமாகும். ஆனால் நம்மில் எத்தனை பேர் பெரிய காரை விட்டுவிட்டு இதற்கு வருகிறோம்? புதிய பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் பெரும்பாலும் ஒரு லட்சம் வெள்ளிக்கு மேற்பட்டவை. மாதம் 16 வெள்ளி மிச்சம் பிடிப்பதற்காக அந்தக் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்வது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. மோட்டார் சைக்கிளிலிருந்து பிள்ளையை இறக்க வேண்டும் என்றால், நல்ல நிலையிலுள்ள சிறிய பெட்ரோல் கார் அதைச் செய்துவிடும்.

இந்தக் கணக்கு முழுவதும் தினமும் தவறாமல் மின்சாரம் ஏற்றுகிறவனுக்குத்தான். ஏற்றாவிட்டால் பேட்டரி வெறும் பாரம். அந்தப் பாரத்தையும் பெட்ரோல்தான் இழுக்க வேண்டும். இதை ஐரோப்பாவில் அளந்தே பார்த்துவிட்டார்கள். 2021-இல் பதிவான கார்களைப் பற்றி ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் சாலையில் வெளியிட்ட கரியமில வாயு, ஆய்வுக்கூடத்தில் காட்டிய அளவைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் பிளக்கைச் செருகவில்லை என்பதே முக்கியக் காரணம். விற்பனைத் தாளில் 100 கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர்தான் என்று போட்டிருந்தால் மயங்கிவிடாதீர்கள்.

சரி, தினமும் செருகுவோம் என்றால், எங்கே செருகுவது? லயத்து வீடுகளில் வசிப்போர் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். சாதாரண மூன்று கால் பிளக்கில் ஏற்றும்போது, கார் ஏறக்குறைய இரண்டு கிலோவாட் மின்சாரத்தை ஐந்து, ஆறு மணி நேரம் விடாமல் இழுக்கும். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டிகள் இரண்டை இரவு முழுவதும் அணைக்காமல் வைத்திருப்பதற்கு இது சமம். பழைய லயத்தில் உள்ள மெல்லிய வயர் அதைத் தாங்குமா? பிளக் சூடாகும், வயர் உறை உருகும், பலகைச் சுவர் பக்கத்திலேயே இருக்கும். சன்னல் வழியாக நீட்டு வயரை இழுத்து, சாக்கடையைத் தாண்டிக் காருக்குக் கொண்டுபோவதை அறவே செய்யக் கூடாது. மழை பெய்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து, சுவிட்சுப் பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்து, மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவியையும் எர்த் வயரையும் பொருத்திய பிறகே ஏற்றலாம். மின்சாரம் தோட்டத்து மீட்டர் வழியாக வந்தால், முதலில் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். இதெல்லாம் முடியாத வீட்டுக்கு இந்தக் கார் ஏற்றதன்று.

பழைய கார்க் கடையில் நிற்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் வந்த பிஎம்டபிள்யூ 330இ காரின் பேட்டரி 7.6 யூனிட்தான் கொள்ளும். புதிதாக இருந்தபோதே அதன் மின்சார ஓட்டம் 40 கிலோமீட்டர் என்றுதான் அறிவித்திருந்தார்கள். பத்து ஆண்டு வெயிலில் கிடந்த பேட்டரி அதில் எவ்வளவு தரும் என்பதை, வாங்குமுன் முழுவதும் ஏற்றிவிட்டு, குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். கடைக்காரர் ஒப்பவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பேட்டரிக்கான உத்தரவாதம் முடிந்துவிட்டதா, புதிய பேட்டரி என்ன விலை என்று விற்பனை முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பானட்டைத் திறந்தால் ஆரஞ்சு நிற உறையில் தடித்த வயர்கள் தெரியும். அவற்றில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம், உயிரைக் குடிக்கும். தெரிந்த பையன், கெட்டிக்காரன் என்று சொல்லிச் சாலையோர மெக்கானிக்கிடம் விடக் கூடாது. பயிற்சி பெற்றவர்களிடம்தான் போக வேண்டும். அவர்கள் கூலி கொஞ்சம் அதிகம்தான்.

இன்னொன்று, பிள்ளைகளைப் பற்றியது. மோட்டாரில் ஓடும்போது இந்தக் கார் மெதுவாக வந்தால் சத்தமே கேட்காது. நம் பிள்ளைகள் லயத்துச் சாலையில் கோலி விளையாடுகிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் லாரி வருவதைக் காதால்தான் அறிகிறார்கள். ஐரோப்பாவில் 2021 ஜூலையிலிருந்து விற்கும் புதிய மின்சாரக் கார்களிலும் இவ்வகைக் கார்களிலும் எச்சரிக்கை ஒலி கட்டாயம். அதற்கு முன் செய்த கார்கள் பலவற்றில் அது இல்லை. உங்கள் லயத்துக்கு அப்படிப்பட்ட கார் ஒன்று வந்திருக்குமானால், ஓட்டுகிறவர் வளைவிலும் கோயில் திடல் அருகிலும் ஹார்ன் அடிக்கட்டும். பிள்ளைகளை அந்தக் காருக்குப் பக்கத்தில் அழைத்துப் போய், மெல்ல ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சத்தமில்லாமலும் கார் வரும் என்பதை அவர்கள் ஒருமுறை கண்ணால் பார்க்கட்டும்.