சொல்லக் கூசும் நோய்

உடல்நூல் வகுப்பில் ஆசிரியர்கள் விரைந்து புரட்டிவிடும் பக்கங்கள் சில உண்டு. அப்பக்கங்களைச் சார்ந்த நோய் ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஆண்குறி வளைந்துபோகும் நோய் அது. பதினைந்தாம் லூயி மன்னரின் அறுவை மருத்துவரான லா பெய்ரோனி என்பார் 1743-இல் இதை விவரித்தமையால், பெய்ரோனி நோய் என வழங்குகிறது. பரேஜ் என்னும் ஊரின் ஊற்றுநீரே அவர் கூறிய மருந்து!

உறுப்பினுள் குருதி நிரம்பும் குழல்களைச் சுற்றி, விரிந்து சுருங்கும் உறை ஒன்று உண்டு. அதில் ஏற்படும் சிறு காயங்கள் ஆறுகையில், சிலருக்கு நார்த்தழும்பு தடித்துவிடுகிறது. நீண்ட பலூன் ஒன்றின் ஒரு பக்கத்தில் ஒட்டுத்துணியை ஒட்டிக் காற்றை ஊதிப் பாருங்கள். ஒட்டிய பக்கம் விரிய மறுக்கும். பலூன் அப்பக்கமாக வளையும். இங்கு நிகழ்வதும் அதுவே. நடுவயது கடந்தோரிடமே இது மிகுதி, இளைஞருக்கும் வருவதுண்டு. இது புற்றுநோய் அன்று. பிறர்க்குத் தொற்றுவதும் அன்று. பிறவியிலேயே அமையும் வளைவு வேறு.

தொடக்கத்தில் வலி இருக்கும். வளைவும் மாறிக்கொண்டே வரும். அப்பொழுது கத்தியை எடுப்பதில் பயனில்லை. நேராக்கியது மீண்டும் வளையலாம். ஆகவே, வலிக்கு மருந்து தந்து, வளைவு பல மாதங்கள் நிலைத்து நிற்கும்வரை மருத்துவர் பொறுத்திருப்பார். வைட்டமின் ஈ மாத்திரை நெடுங்காலம் வழங்கப்பட்டது. வளைவை அது நிமிர்த்தியதாக மெய்ப்பிக்கப்படவில்லை. சுவர்களில் ‘இரகசிய நோய்’ என்றெழுதி இலேகியம் விற்போரைப் பற்றி என்ன சொல்வது! நோயாளியின் நாணமே அவர்களுடைய முதலீடு.

இல்லறத்துக்கு இடையூறு செய்யாத சிறு வளைவுக்குச் சிகிச்சையே வேண்டுவதில்லை. பெரியதாயின், தழும்பின் நார்ப்புரதத்தைச் சிதைக்கும் கொலாஜனேஸ் என்னும் நொதியை ஊசிவழிச் செலுத்துவதுண்டு. அமெரிக்காவில் 2013-இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. வளைவு குறையுமேயன்றி முற்றும் மறைவது அரிது. சிலபோது உறை கிழிந்துவிடும் இடரும் உண்டு.

அறுவையில் எளியது, வளைவுக்கு எதிர்ப்புறத்தை மடித்துத் தைப்பது. உறுப்பு நேராகும், நீளம் சற்றுக் குறையும். கடும் வளைவாயின், தழும்பைக் கீறி ஒட்டுத்திசு வைப்பார்கள். நீளம் காக்கப்படும், ஆனால் விறைப்புத் தளரக்கூடும். முன்னரே தளர்ச்சி உற்றவர்க்கு உள்ளே செயற்கைத் தண்டு பொருத்துவது உண்டு. இவற்றுள் எது தக்கது என்பதைச் சிறுநீரியல் மருத்துவர் நோயாளியுடன் கலந்தே முடிவு செய்வார். அறுவைக்குமுன் ‘நீளம் குறையுமா?’ என்று அவரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் நாள்தோறும் கேட்கும் கேள்விதான் அது.