சாவியும் சந்தேகமும்

(வீட்டுவேலைத் தொழிலாளர் குறித்த கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தில்லி, குருகிராம், நொய்டா நகரங்களில் கோடை விடுமுறை தொடங்கியதும் வசதி படைத்த குடும்பங்கள் மலைப்பகுதிகளுக்கோ வெளிநாட்டுக்கோ புறப்பட்டுவிடுகின்றன. ஆனால் வீட்டுக்கு விடுமுறை கிடையாது. செடிக்கு நீரூற்ற வேண்டும். நாய்க்கு உணவிட்டுக் காலையும் மாலையும் வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். இரவில் ஓர் ஆள் உள்ளே படுத்திருக்க வேண்டும். இவ்வளவையும் பெரும்பாலும் ஏற்பவர் ஆண்டு முழுதும் அவ்வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்தான். இந்தக் காவலுக்கும் பராமரிப்புக்கும் தனிக்கூலி பேசப்படுவது அரிது. பழைய புடவை ஒன்றோ, ஊரிலிருந்து வாங்கிவந்த இனிப்புப் பெட்டியோ கணக்கை முடித்துவிடும்.

சாவி அவர் கையில் இருக்கிறது. ஆயினும் வெளியேறும்போது வாயிலில் அவருடைய பைதான் சோதிக்கப்படுகிறது. பல குடியிருப்புகளில் வேலையாட்களுக்கென்று தனி மின்தூக்கி. கைப்பேசிச் செயலியில் அவருடைய வருகை பதிவாகிறது. வீட்டுக்காரர் அவருக்கு நட்சத்திர மதிப்பெண் இடலாம். கூலியை இழுத்தடிக்கும் வீட்டுக்காரருக்கு மதிப்பெண் இட அவருக்கு அங்கே இடமில்லை. நாயை ஆங்கிலத்தில்தான் அதட்ட வேண்டும் என்பதால் அந்த மூன்று நான்கு சொற்களை அவர் கற்றுக்கொள்கிறார். அவருடைய மொழியில் ஒரு சொல்லேனும் கற்க அவ்வீட்டாருக்குத் தேவை நேர்வதில்லை.

வங்கத்திலிருந்து வந்தவரானால் அவருடைய இந்தியில் அகரம் ஒகரமாகச் சாயும்; வகரம் பகரமாகும். இலக்கணம் பயின்றோருக்கு இது ஒலித்திரிபு. குடியிருப்போர் சங்கங்கள் பலவற்றுக்கு இதுவே குடியுரிமை விசாரணை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வங்க இந்துக்கள் தண்ணீரை ‘ஜொல்’ என்பார்கள். வங்க முஸ்லிம்கள் ‘பானி’ என்பார்கள். இந்திக்காரர் நாள்தோறும் வழங்கும் சொல்லும் ‘பானி’தான். அதையே தம் தாய்மொழியில் சொல்லும் பெண்தான் அந்நியராகக் காணப்படுகிறார்!

இந்த ஐயம் எப்போது உரக்க ஒலிக்கிறது என்பதைக் கவனியுங்கள். 2017 ஜூலையில் நொய்டாவின் 78ஆம் செக்டாரில் வேலைக்குச் சென்ற ஒரு பெண் இரவு வீடு திரும்பவில்லை. கூலிப் பாக்கி கேட்டதே தகராறுக்குக் காரணம் என்றார் அவர். அவர் திருடினார் என்றனர் வீட்டார். மறுநாள் காலை உறவினரும் அண்டையரும் குடியிருப்பு வாயிலை முற்றுகையிட்டனர், கல்லெறி நடந்தது. குடிசைவாசிகள் கைது செய்யப்பட்டனர். அவர்களுடைய சிறு கடைகள் இடிக்கப்பட்டன. மேற்கு வங்கத்திலிருந்து வந்த அவர்கள் மீது ‘வங்கதேசத்தவர்’ என்ற முத்திரையும் விழுந்தது. கூலி கேட்காதவரை அவர்களுடைய உச்சரிப்பு யாருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை.

2025 ஜூலையில் குருகிராமில் வங்க மொழி பேசும் தொழிலாளர்கள் பிடித்துச் செல்லப்பட்டுச் சமுதாயக் கூடங்களில் அடைக்கப்பட்டனர். ஆவணங்களைச் சரிபார்த்தபின் பலர் விடுவிக்கப்பட்டனர். அதற்குள் அஞ்சிய குடும்பங்கள் ஊருக்கு ரயிலேறிவிட்டன. குப்பை அள்ளவும் சமைக்கவும் ஆளின்றி அடுக்குமாடிகள் திகைத்தன. அதே நாட்களில் தில்லிக் காவல் நிலையம் ஒன்று, மொழிபெயர்ப்பாளர் வேண்டி எழுதிய கடிதத்தில் ‘வங்கதேச மொழி’ என்று குறிப்பிட்டது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு அக்கடிதம் பெரும் அதிர்ச்சி. அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழி அது. 2011 கணக்கெடுப்பின்படி 9.7 கோடிப் பேரின் தாய்மொழி. இந்தியாவில் இந்திக்கு அடுத்த இடம்.

இது வங்கத்தவரின் துன்பம் மட்டும் என்று நாம் இருந்துவிட முடியாது. தில்லி ஜங்புராவில் தமிழர் வாழ்ந்த குடிசைப் பகுதியின் பெயரே ‘மதராசி கேம்ப்’. அங்கிருந்த பெண்கள் பலர் அக்கம்பக்கத்து வீடுகளில் வேலை பார்த்தவர்கள். 2025 ஜூன் 1 அன்று அது இடிக்கப்பட்டது. சுமார் 370 குடும்பங்களில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. அந்த வீடும் நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில். நரேலாவிலிருந்து காலை ஏழு மணிக்கு ஜங்புரா வீட்டில் தேநீர் போட எந்தப் பேருந்தைப் பிடிப்பது? அவர்களுடைய உழைப்பை வேண்டிய நகரம் அவர்கள் வசிக்க அருகில் இடம் தரவில்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ‘மதராசி’ என்ற சொல்லால் புண்பட்ட நாம், சென்னையிலும் கோவையிலும் ‘வடக்கன்’ என்று சொல்கிறோம். கட்சித் தோழர்கள் வாயிலிருந்தும் அதைக் கேட்டிருக்கிறேன். ஒடுக்குபவரின் அகராதியை நாம் மறுபதிப்புச் செய்ய வேண்டியதில்லை.

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுவேலைத் தொழிலாளருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது; இன்றுவரை ஏற்புறுதி அளிக்கவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இத்தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் குறித்து ஆராயக் குழு அமைக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. வேலையாளைப் பற்றிக் காவல்துறையில் விசாரித்துச் சான்று பெறும் நடைமுறை மட்டும் தங்குதடையின்றி நடக்கிறது. வீட்டுக்காரரைப் பற்றி விசாரிப்பார் யார்?

ஆகவே, சங்கம் அச்சிடவிருக்கும் வேலை ஒப்பந்தத் தாளில் சமையல், துப்புரவு ஆகியவற்றோடு, விடுமுறைக்கால வீட்டுக்காவல், இரவுத் தங்கல், வளர்ப்புப் பிராணிப் பராமரிப்பு ஆகியவற்றையும் தனித்தனி வரிகளாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே கூலிக் கட்டம் விட வேண்டும் என்று முன்மொழிகிறேன். இந்தியில் மட்டும் அச்சிட்டால் கையெழுத்திடுபவர் எதற்கு இடுகிறோம் என்றறியாமல் இடுவார். தமிழ்ப் படியை இவ்வாரத்துக்குள் நான் முடித்துத் தருகிறேன். வங்கப் படிக்கும் சந்தாலிப் படிக்கும் அம்மொழித் தோழர்களை இங்கேயே, இன்றே கேட்டுக்கொள்கிறேன்.